உறவு இல்லை என்று ஒரு கையெழுத்து

ஸ்டாக்டனில் அந்த வருடம் வாடகை வீட்டில் இருப்பதைப் போல முட்டாள்தனம் வேறு கிடையாது. நாங்கள் மாதம் தவறாமல் வாடகை கொடுத்தோம். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட வீட்டுக்காரன் வீட்டின் மேலிருந்த கடனை வங்கிக்குக் கட்டவில்லை. ஒருநாள் காலையில் ஷெரீஃப் ஆபீஸ் ஆள் வந்து கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனான். வீடு ஏலத்தில் போய்விட்டதாம், நாங்கள் காலி பண்ண வேண்டுமாம். தலைவிதி என்று இன்னொரு வீட்டுக்குப் போனோம். அங்கேயும் அதே கதைதான். இரண்டாவது தடவை என் மகள் ஹசிந்தா, இனிமேல் பள்ளிக்கூடம் மாறமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு முடிவு பண்ணினேன். எவனோ கட்டாத கடனுக்கு என் பிள்ளைகள் இனி மூட்டை கட்டக்கூடாது. சின்னதோ பெரியதோ, யாரும் வந்து தாள் ஒட்ட முடியாத கதவு ஒன்று எனக்கு வேண்டும்.

என் பெயர் எவுலாலியா. எல்லோருக்கும் லாலா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. என் புருஷன் குக்கோ தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புகளை ரிப்பேர் பண்ணுகிறவன். இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தோம். ஊரில் பாதி வீடுகள் விலை விழுந்து கிடந்ததால் அந்தக் கொஞ்சத்துக்கும் மதிப்பு வந்தது. அடுத்தவன் அழுகையில்தான் நமக்கு வழி திறக்கிறது என்று நினைத்தால் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடப்பட்டுக்கொண்டே வீடு தேடினோம்.

தேடிக் கொடுத்தவள் நோர்மா, எங்கள் தரகர். எங்களைப் போல எல்லைக்குத் தெற்கேயிருந்து வந்தவள் இல்லை, இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் பேசும் அரைகுறை ஸ்பானிஷைக் கேட்டால் என் அம்மா சிலுவை போட்டுக்கொள்வாள். ஆனால் வேலையில் கெட்டிக்காரி. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது, ஷார்ட் சேல் என்றாள். அதாவது, வீடு இன்றைக்கு விலைபோகிற தொகை அதன்மேல் இருக்கும் கடனைவிடக் குறைவு. வருகிறதை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறேன் என்று வங்கி தலையாட்டினால்தான் விற்க முடியும். வங்கி தலையாட்ட மாசக்கணக்கில் ஆகும், பொறுமை இருக்கிறதா என்று கேட்டாள். பொறுமையைத் தவிர எங்களிடம் வேறு என்ன இருந்தது?

பார்க்கப் போகும்போது வீட்டுக்காரர்கள் இருக்கக்கூடாது என்பது இங்கே வழக்கம். அந்த வீட்டுக்காரி மாரிசேலாவுக்கு மசக்கை. எங்கே போவாள் பாவம்? குளியலறையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் எங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் காப்பி குடிக்கிறீர்களா என்றாள். வேண்டாம் என்று சொல்லும்படி நோர்மா எனக்குக் கண் ஜாடை காட்டினாள். வந்தவர்களைக் காப்பி கொடுக்காமல் அனுப்புகிற ஊரில் மாரிசேலாவும் பிறக்கவில்லை, கொடுத்த காப்பியை வேண்டாம் என்கிற ஊரில் நானும் பிறக்கவில்லை. குடித்தோம். வீடு எனக்குப் பிடித்துப்போனது. பின்பக்கம் சமையலறைக் கதவைத் திறந்தால் எலுமிச்சை மரம். அன்றைக்கே விலை எழுதிக் கொடுத்தோம். அவர்கள் பெயர்கூட அந்தத் தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் வங்கியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கோடை வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் குக்கோ டிரக்கைச் சுற்றுவழியில் ஓட்டி அந்தத் தெருவில் நிறுத்துவான். இறங்கமாட்டான். பார்ப்பான், கிளம்புவான். பெண் கேட்டு வந்தபோதுகூட என்னை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. மூன்றோ நான்கோ ஞாயிறு ஆனபின் வீட்டுக்காரன் அன்செல்மோ கையில் சுத்தியலோடு வேகமாக வந்தான்.

"யாருய்யா நீ? பேங்கா?"

"இல்ல. ஒருவேளை இந்த வீட்டை வாங்கப்போறவன்."

அன்செல்மோ சுத்தியலை இடுப்பில் செருகினான். "நானும் ஒருவேளை விக்கிறவன்தான். இறங்கி வா, வெயில்ல எதுக்கு உக்காந்திருக்க."

இப்படித்தான் ஆரம்பித்தது. அன்செல்மோ வீடு கட்டுகிற கம்பெனிக்குச் சுவர்ப்பலகை அடித்தவன். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குச் சுவர் நிறுத்தியதே அவன்தான், அவன் வீட்டையும் சேர்த்து. கட்டுமானம் நின்றதும் வேலையும் நின்றது, தவணையும் நின்றது. மனம் விட்டுப்போய் வாசல் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவதைக்கூட விட்டிருந்தான். புல் காய்ந்து கிடக்கிறதே என்று குக்கோ கேட்டதற்கு, இனிமேல் அது யாருடைய புல் என்று கேட்டானாம். என்னுடையதாக இருந்தாலும் இருக்கும், தண்ணீர்க் குழாயைக் கொடு என்று இவன் வாங்கி ஊற்றியிருக்கிறான். அடுத்த வாரம் அவர்கள் கூரையில் குளிர்சாதனம் முனகுகிறது என்று ஏறிச் சரிசெய்தான். பதிலுக்கு அன்செல்மோ பின் அறைச் சுவரின் விரிசலை அடைத்து, எந்தப் பிள்ளைக்கு இந்த அறை, என்ன வர்ணம் பிடிக்கும் என்று என்னிடம் கேட்டான். தன் கையைவிட்டுப் போகிற வீட்டுக்கு வர்ணம் கேட்கிற மனுஷனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நோர்மாவுக்குத் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டாள். வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசிக்கொள்ளவே கூடாது, அதற்குத்தானே நாங்கள் நடுவில் இருக்கிறோம் என்றாள். ஞாயிறன்று ஒரே கோயிலில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள் எப்படிப் பேசாமல் இருப்பது என்று கேட்டேன். பெஞ்சை மாற்றுங்கள் என்றாள். நாங்கள் மாற்றவில்லை.

குளிர்காலத்துக்குச் சற்று முன்னால் மாரிசேலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பலோமா என்று பெயர். ஞானஸ்நானத்தில் அவளுக்கு ஞானத்தகப்பனாக நிற்பதாகச் சொல்லியிருந்த அன்செல்மோவின் சித்தப்பா மகன் வேலை தேடி டெக்ஸாஸ் போய்விட்டான். ஒரு சனிக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் பூசைக்குப் போகிற உடுப்பில், தட்டு நிறைய இனிப்பு ரொட்டியோடு எங்கள் வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அந்த உடுப்பையும் தட்டையும் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஆட்களில் இதற்கு மாட்டேன் என்ற பதில் கிடையாது. ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானத் தண்ணீர் மறுப்பது யாரால் முடியும்? சரி என்றோம். அந்த நேரத்தில் வீடும் வங்கியும் எங்கள் நால்வரில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. தரகர்கள் அழுகிறதில் ஆச்சரியமே இல்லை.

ஞானஸ்நானத்துக்குக் கவுன் நான் வாங்கினேன். கோயிலில் தண்ணீர்த் தொட்டியருகில் குக்கோ குழந்தையைத் தாங்கி நின்றான். பம்பைத் தவிர வேறு எதையும் அவ்வளவு கவனமாக அவன் பிடித்து நான் கண்டதில்லை. வெளியே வந்ததும் வழக்கப்படி பையிலிருந்த சில்லறையை அள்ளி வீசினான், பிள்ளைகள் விழுந்து பொறுக்கினார்கள். அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு ஆண்களும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, பெற்றவனுக்கும் ஞானத்தகப்பனுக்கும் நடுவே ஞானஸ்நானம் கட்டிவைக்கிற உறவு. மாரிசேலாவும் நானும் கொமாத்ரே. கூடப்பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு போடக்கூடாது. அதுவரை நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அன்று மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பைப் பரிமாறும்போதே நீங்க, வாங்க என்று மாறிவிட்டார்கள்.

இரண்டு வாரத்தில் நோர்மா கூப்பிட்டாள். வங்கி தலையாட்டிவிட்டது. ஆனால் அதே வங்கியின் இன்னொரு மூலையில் எவனோ வீட்டை ஏலம் விடவும் தேதி குறித்துவிட்டான். வலது கைக்கும் இடது கைக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வங்கி அது. ஏலத்துக்கு முன்னால் எல்லாவற்றிலும் கையெழுத்தாகி முடிய வேண்டும், உடனே வாருங்கள் என்றாள்.

போனோம். கட்டுக்கட்டாகத் தாள்கள். நான் ஓட்டமாகப் போட்டுக்கொண்டே போனேன். குக்கோ இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், ஆனால் படிக்காமல் எதிலும் கை வைக்கமாட்டான். ஒரு தாளில் நின்றுவிட்டான். வாங்குபவரும் விற்பவரும் இரத்தத்தாலோ, திருமணத்தாலோ, வேறு எந்த வகையிலுமோ உறவு இல்லாதவர்கள் என்று சத்தியமாக உறுதி சொல்கிறோம் என்று அதில் இருந்தது. தெரிந்தவர்களுக்கு மலிவாக விற்று வங்கியை ஏமாற்றக்கூடாது என்பதற்காக வைத்த தாள்.

"நாங்க அவங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு இதுல எழுதியிருக்கா?" என்று கேட்டான்.

"பேங்குக்கு ஞானஸ்நானமெல்லாம் கணக்கே இல்ல. போடுங்க குக்கோ," என்றாள் நோர்மா.

"எனக்குக் கணக்கு உண்டே."

அப்போதுதான் மேலே ஏற்கெனவே இருந்த கையெழுத்தைக் கவனித்தான். அன்செல்மோ அன்று காலையிலேயே வந்து போட்டுவிட்டுப் போயிருந்தான். குக்கோ அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பேனாவை மேஜைமேல் வைத்தான். எழுந்து வெளியே போய் டிரக்கில் உட்கார்ந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து நான் கத்திய கத்தலை மேல்மாடிக்காரி இன்றும் சொல்லிக் காட்டுவாள். அந்தத் தாளில் என் கையெழுத்து இருக்கிறது, என் கை ஒன்றும் அழுகிவிடவில்லை என்றேன். இந்த வாடகை வீட்டுக் கதவிலும் ஒருநாள் தாள் ஒட்டினால் ஹசிந்தாவிடம் நீயே போய்ச் சொல் என்றேன். அவன் குரலே உயரவில்லை.

"தண்ணித் தொட்டிகிட்ட நின்னு, இது எம்புள்ள மாதிரின்னு சாமியாருக்கு வாக்குக் குடுத்தேன், லாலா. ரெண்டு வாரத்துல அது பொய்யின்னு எழுதிக் குடுக்கணுமா?"

"குடு. எதுக்காக எழுதினோம்னு கடவுளுக்குத் தெரியாதா? அவருக்கு என்ன இங்கிலீஷ் படிக்க வராதா?"

"அவன் எழுதிக் குடுத்துட்டான்ல," என்றான்.

கொம்பாத்ரே போய் அவன் வந்துவிட்டது. வீட்டை விட இதுதான் அவனைக் குத்துகிறது என்று அப்போது புரிந்தது. சாமியாரிடம் போகச் சொன்னேன், போனான். இப்படிப்பட்ட உறவைச் சட்டக் காரியத்துக்குத் திருச்சபையே இப்போது கணக்கில் எடுப்பதில்லை, நிம்மதியாகக் கையெழுத்துப் போடு மகனே என்று அவர் சொன்னாராம். சாமியார் கையில் முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். கையெழுத்து மட்டும் போடவில்லை.

வேறு வழி தெரியாமல் நான் மாரிசேலா வீட்டுக்குப் போனேன், அவள் புருஷனை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான். எங்கள் ஊரில் அப்போது வங்கிக்கு வீட்டை விடுகிறவர்கள் கோபத்தில் குழாயைப் பிடுங்குவார்கள், அடுப்பைத் தூக்குவார்கள், சிலர் சாக்கடையில் சிமெண்ட் ஊற்றிவிட்டுக்கூடப் போனார்கள். மாரிசேலா பெட்டிகளில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்செல்மோ கூடத்தில் முழங்கால் போட்டு, படம் மாட்டிய ஆணித் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் கொண்டுபோன நாலு வார்த்தையும் வாயிலேயே நின்றுவிட்டது. எழுந்திருக்காமலே அவனே பேசினான்.

"நான் போடலேன்னா வீடு ஏலத்துக்குப் போகும், கொமாத்ரே. கோர்ட் படிக்கட்டுல நின்னு எவனோ கை தூக்கி வாங்குவான், வாடகைக்கு விடுவான். எனக்கு எப்படியும் வீடு இல்ல. இந்தச் செவுரு நான் நிறுத்துனது. இதுக்குள்ள உங்க புள்ளைங்க தூங்கட்டும்னுதான் போட்டேன். போட்ட கை இன்னும் கூசுது."

அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன். வீட்டுக்கு வந்து குக்கோவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அடுத்த நாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு நோர்மாவிடம் போனான். கையெழுத்துப் போட்டான். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அதன் கீழே, ஹசிந்தாவிடம் இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிக் கேட்டுவைத்திருந்தபடி, பெரிய பெரிய எழுத்தில் இன்னொரு வரி எழுதினான். விற்பவரின் மகள் பலோமா எங்கள் ஞானப்பிள்ளை. வேறு உறவு இல்லை.

நோர்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். எழுதியதை அழித்து அனுப்பினால் அவள் லைசென்ஸ் போகும், அப்படியே அனுப்பினால் வீடு போகும் என்றாள். அப்படியே அனுப்பினாள். அதற்குப்பிறகு நான் குக்கோவோடு பேசவில்லை. வேளாவேளைக்கு பீன்ஸ் மட்டும் வைத்தேன், மிளகாய்கூடக் கிள்ளிப் போடாமல். மறுபேச்சு இல்லாமல் சாப்பிட்டான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏலத்துக்கு முந்திய வாரம், பள்ளிக்கூடச் சமையலறையில் சோள ரொட்டிக்கு மாவு கலக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. வங்கியிலிருந்து வாண்டா என்ற பெண். தெற்கே எங்கோ இருந்து இழுத்து இழுத்துப் பேசினாள். கீழே எழுதியிருக்கிற குறிப்பு என்ன, விற்கிறவர்கள் உங்கள் குடும்பமா, ஆமா இல்லையா என்று கேட்டாள். அது சும்மா கோயில் சடங்கு அம்மா, அதில் ஒன்றும் இல்லை என்று சொல்வதாக நான் பல நாளாகவே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். நல்ல பதில். வாயைத் திறந்தேன். ஆணித் துளையை அடைத்துக்கொண்டிருந்தவனின் முதுகு கண்முன் வந்தது, மனப்பாடம் பண்ணியது எங்கோ போய்விட்டது.

"ஆமா, குடும்பம்தான்," என்றேன். "ஆனா விலை எழுதிக் குடுத்தப்போ இல்ல. அப்போ அவங்க பேர்கூட எங்களுக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு மசக்கையில வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தா. நீங்க ஒரு பதில் சொல்றதுக்குள்ள அவ புள்ள பெத்து, நாங்க ஞானஸ்நானமும் குடுத்தாச்சு. ஒரு மாசத்துல சொல்லியிருந்தீங்கன்னா அவங்க யாரோ நாங்க யாரோன்னு இருந்திருப்போம். எங்களைச் சொந்தமாக்கினதே உங்க பேங்க்தான்மா."

போயிற்று, நானே வாயால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். மாவு கையில் காய ஆரம்பித்தது. பிறகு கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது. விலை எழுதிக் கொடுத்த தேதி, ஞானஸ்நானத் தேதி இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். குழந்தை நன்றாக இருக்கிறாளா என்று கடைசியில் கேட்டாள். அது எந்தத் தாளுக்கும் தேவைப்படாத கேள்வி. நன்றாக இருக்கிறாள், முகம் பார்த்துச் சிரிக்கிறாள் என்றேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாளில் நோர்மா கூப்பிட்டாள். விலை பேசியபோது அந்நியர்களாக இருந்ததால் வங்கிக்கு ஆட்சேபணை இல்லையாம், ஏலம் ரத்தாம். தாளில் ஏற்கெனவே இருந்த நிபந்தனைகளைத் திரும்பவும் அழுத்திச் சொல்லியிருந்தார்கள். விற்பவர்கள் குறித்த நாளில் போய்விட வேண்டும், சாவி எதுவும் வைத்துக்கொள்ளக்கூடாது, வாடகைக்கும் தங்கக்கூடாது. அன்று சாயங்காலம் குக்கோவுக்கு இறைச்சி சமைத்தேன். மிளகாயும் நிறையப் போட்டேன். அவன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். மறுநாள் போய் அன்செல்மோவின் சாமான்களைத் தன் டிரக்கில் ஏற்றி அவர்களுடைய புதிய வாடகை வீட்டுக்குக் கொண்டுபோனான். ஏற்றும்போது கொம்பாத்ரே, அந்தப் பக்கம் பிடிங்க என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது.

நாங்கள் குடிவந்த வருடக் கடைசியில் பலோமாவுக்கு முதல் பிறந்தநாள். ஞானப்பெற்றோர் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சமையலறையில் கைவேலையாக இருந்தபோது வாசல் மணி அடித்தது. போய்த் திறந்தேன். பூசைக்குப் போகிற உடுப்பில், இடுப்பில் குழந்தையோடு மாரிசேலா. அவளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு அன்செல்மோ. அந்த மணியை மாட்டியவனே அவன்தான். அத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தும் அவர்கள் அதை அடித்ததே இல்லை, யாராவது சொந்த வீட்டு மணியை அடிப்பார்களா?

"எதுக்கு மணி அடிச்சுக்கிட்டு? நேரா வர்றதுதானே," என்றேன்.

"அடிச்சுத்தான் வரணும், கொமாத்ரே," என்றாள் மாரிசேலா. "எழுதிக் குடுத்திருக்கோம்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இது என் வீடு, நான் வாங்கியது, அதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. ஆனாலும் அவள் வாசலில் கால் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க முடியவில்லை. கேக் வெட்டும்போது அவள் யாரையும் கேட்காமல் தன் காலத்தில் கத்தி வைத்திருந்த இழுப்பறையைத் திறந்தாள். கத்தி அங்கே இல்லை, நான் இடம் மாற்றியிருந்தேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

எல்லோரும் போனபின் கத்தியைப் பழைய இழுப்பறையில் வைத்தேன். குக்கோவிடம் வாசல் மணியைக் கழற்று என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனான். பின்பக்கச் சமையலறைக் கதவைப் பகலில் பூட்டுவதையும் நிறுத்திவிட்டேன். சாவி கொடுக்கக்கூடாது என்றுதான் அந்தத் தாளில் இருக்கிறது, பூட்ட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. இப்போது யார் வந்தாலும் வாசலில் நின்று தட்டுகிறார்கள். கொம்பாத்ரேயும் கொமாத்ரேயும் மட்டும் எலுமிச்சை மரத்தைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுப்பில் காப்பி வைத்துவிடுகிறார்கள்.